ஐஸ் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே கறி ஆறணும்

எல்க்ங்கிற பெரிய மான வேட்டையாடுற சீசன் நெருங்கினாலே என்கிட்ட வர்ற முதல் கேள்வி, கறிய வீட்டுக்குக் கொண்டு வர எந்த கூலர், அதாவது ஐஸ் பெட்டி, வாங்கலாம், 400 டாலர் பெட்டி வேணுமா இல்ல 80 டாலர் பெட்டியே போதுமா, அப்படின்னு தான். கூலர் பத்தி அப்புறம் பேசலாம், கறிய எவ்வளவு சூட்டோட அதுக்குள்ள வைக்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன். ஏன்னா நான் பாத்த வரைக்கும் வழியில கெட்டுப்போற கறி முக்கால்வாசி வழியில கெடுறதே இல்ல, மலைலயே கெட ஆரம்பிச்சுடுது, வீட்டுக்கு வந்து வெட்டும்போது தான் நமக்குத் தெரியுது.

நான் டாலஸ் பக்கம் இருக்கேன். நாங்க போறது கொலராடோவோட வடமேற்குல மீக்கர்னு ஒரு சின்ன ஊரு, அதச் சுத்தி இருக்கிற ஒயிட் ரிவர் மலைக்காடு தான் அமெரிக்காவுலயே பெரிய எல்க் கூட்டம் இருக்கிற இடம். அங்கிருந்து டாலஸ் 1000 மைலுக்கு மேல, நிக்காம ஓட்டினாலே 16 மணி நேரம். ஊர்ல இருக்கிறவங்க படிக்கிறப்ப ஒண்ணு சொல்லிடணும், இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை குற்றம், இங்க அப்படி இல்ல, மாநில அரசே ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை மிருகம்னு கணக்குப் போட்டு லைசன்ஸ் கொடுக்குது. ஆனா சுட்டதுக்கு அப்புறம் கறிய வீணாக்கினா அதுவும் சட்டப்படி குற்றம். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும், ஒரு உயிர எடுத்துட்டு அது ஊசிப்போக விடுறதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது.

முதல் வருஷம் எங்களுக்கு நடந்தது இதுதான். செப்டம்பர், வில் அம்பு சீசன், பகல்ல 25 டிகிரி செல்சியஸ் அடிக்குது. கூட வேலை பாக்கிற டெக்சஸ்காரர் ஒருத்தர் சாயங்காலம் ஒரு ஆண் எல்க் அடிச்சாரு. ராத்திரி 11 மணி வரைக்கும் தோலுரிச்சு, நாலு காலையும் பிரிச்சு, முதுகுக்கறி கழுத்துக்கறி எல்லாம் எடுத்து, கெட்டுறக்கூடாதேன்னு அவசர அவசரமா குப்பை போடுற பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டி கூலர்ல வச்சு மேல ஐஸ் கொட்டி, அப்பவே கிளம்பிட்டோம். வழியில ரெண்டு தடவை திறந்து பாத்தோம், ஐஸ் இருக்கு, பை மேல கை வச்சா சில்லுனு இருக்கு, நிம்மதியா ஓட்டினோம். வீட்டுக்கு வந்து பின்னந்தொடைய வெட்டினா இடுப்பு மூட்டுப் பக்கம் உள்ள வெதுவெதுன்னு இருக்கு, எலும்ப ஒட்டி லேசா பச்சை தட்டிப்போய் அழுகின வாடை. ரெண்டு தொடையிலயும் உள்பக்கம் பூரா தூக்கிப் போட வேண்டியதாச்சு. இங்க இருக்கிற வேட்டைக்காரங்க இத 'போன் சவர்'னு சொல்றாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஐஸ் இருந்துச்சே, அப்புறம் எப்படின்னு அப்ப ஆரம்பிச்சது தான் இந்தக் கணக்கு எல்லாம்.

ஒரு பெரிய ஆண் எல்க்ல எலும்பு நீக்கினா சுமாரா 80ல இருந்து 100 கிலோ கறி தேறும். கணக்குக்கு 100 கிலோன்னே வச்சுக்குங்க. உசிரோட இருந்தப்ப உடம்புச் சூடு 37, 38 டிகிரி. அத 4 டிகிரிக்குக் கொண்டு வரணும், ஏன்னா 4க்கும் 60க்கும் நடுவுல தான் கிருமி பெருகும்னு அமெரிக்க விவசாயத்துறை சொல்லுது. கறி ஒரு கிலோவ ஒரு டிகிரி இறக்க சுமார் 3.5 கிலோஜூல் சூட்ட எடுக்கணும், ஐஸ் ஒரு கிலோ உருகும்போது 334 கிலோஜூல் இழுத்துக்கும். பெருக்கி வகுத்துப் பாத்தா சூடான கறிய ஆற வைக்க மட்டுமே 35 கிலோ ஐஸ் முழுசா உருகணும். பெட்ரோல் பங்க்ல விக்கிற 10 பவுண்டு பை கணக்குல 8 பை. இதே கறி ஒரு ராத்திரி மலைக்காத்துல தொங்கி 8 டிகிரிக்கு வந்துட்டா மிச்சம் இருக்கிற 4 டிகிரிய இறக்க 4 கிலோ ஐஸ் போதும்.

இப்ப பெட்டிக் கணக்கு. 2 இன்ச் ஃபோம் இருக்கிற பெரிய கூலர் ஒண்ணு, வெளிய 30 டிகிரி, உள்ள 2 டிகிரின்னா, சுவர் வழியா உள்ள வர்ற சூடு என் கணக்குப்படி 20ல இருந்து 25 வாட் தான். 16 மணி நேரத்துக்கு சுமார் 4 கிலோ ஐஸ், எல்க் கறிக்கு ரெண்டு பெட்டி வேணும், அப்ப 8 கிலோ. மெல்லிசான, மூடியில ஃபோமே இல்லாத சாதா பெட்டின்னா ரெண்டுக்கும் சேத்து 20 கிலோ ஆகும். அதாவது விலை அதிகமான பெட்டி மிச்சம் பிடிச்சுத் தர்றது 12 கிலோ ஐஸ், ஒரு ராத்திரி கறிய தொங்க விட்டது மிச்சம் பிடிச்சது 30 கிலோ ஐஸ். 2006ல டெக்சஸ்ல ரெண்டு சகோதரர்கள் யெட்டிங்கிற கூலர் கம்பெனி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எல்லாருடைய கண்ணும் பெட்டி மேலயே இருக்கு, நல்ல பெட்டி தான், நானும் அந்த மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன், ஆனா அது குளிர வைக்கிற மெஷின் இல்ல, உள்ள இருக்கிற குளிர வெளிய விடாம வைக்கிற சாமான், அவ்வளவு தான்.

ஐஸ் எத்தனை கிலோங்கிறது பாதிக் கதை. மீதி, அந்தக் குளிர் கறிக்குள்ள போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்ங்கிறது. எல்க் பின்னந்தொடை 20 செ.மீ. தடிமன் சாதாரணமா இருக்கும். கறி சூட்ட மெதுவா தான் கடத்தும், தடிமன் ரெண்டு மடங்கானா நடுப்பகுதி ஆற நாலு மடங்கு நேரம் ஆகும். 10 செ.மீ. துண்டு அஞ்சாறு மணி நேரத்துல ஆறும்னா 20 செ.மீ. தொடைக்கு கிட்டத்தட்ட ஒரு நாள், அதுவும் சுத்தி ஐஸ் தண்ணி ஒட்டி இருந்தா தான். நாங்க பண்ணது அதுக்கும் மேல தப்பு, பிளாஸ்டிக் பை உள்ள சூட்டையும் ஈரத்தையும் பூட்டி வச்சுடுச்சு, ஒரு தொடை மேல இன்னொரு தொடை ஒண்ணுக்கொண்ணு போர்வை மாதிரி ஆயிடுச்சு. மேல கை வச்சுப் பாத்தா சில்லுனு இருக்கும், எலும்பு பக்கம் 12 மணி நேரம் கழிச்சும் 20 டிகிரிக்கு மேல நிக்கும். கை வச்சுப் பாக்கிறத அன்னையோட விட்டுட்டேன், இப்ப குத்திப் பாக்கிற தெர்மாமீட்டர் இல்லாம வீட்ட விட்டே கிளம்புறதில்ல.

அதனால இப்ப மலைல நாங்க செய்யறதச் சொல்றேன். மிருகம் விழுந்த உடனே தோல். எல்க் மயிர் ஒவ்வொண்ணும் உள்ள காலியான குழல் மாதிரி இருக்கும், 30 டிகிரி மைனஸ்ல அது உசிரோட நிக்கிறதுக்காக இயற்கை கொடுத்த கம்பளி அது, செத்ததுக்கு அப்புறமும் அதே வேலைய தான் செய்யும். தோலுரிச்ச உடனே நாலு காலையும் பிரிச்சு, துணிப் பையில, அதாவது காத்து போற மாதிரி இருக்கிற கேம் பேக்ல போட்டு, நிழல்ல, முடிஞ்சா ஓடைப் பக்கம் காத்து வர்ற இடத்துல கிளையில தொங்க விடுறோம், ஒண்ணோட ஒண்ணு படக்கூடாது. பின்னந்தொடைய மட்டும் உள்பக்கமா தொடை எலும்பு வரைக்கும் நீளமா கீறி விட்டுடுவோம், அந்தக் கீறல் வழியா தான் எலும்புச் சூடு வெளிய வரும். வெளிப்பக்கம் காத்துல காஞ்சு மெல்லிசா ஒரு ஓடு மாதிரி கட்டும், அது நல்லது, ஈயும் கிருமியும் ஒட்டுறது குறையும்.

அப்பவே எலும்ப நீக்கிட்டா இன்னும் சீக்கிரம் ஆறுமேன்னு கேக்கலாம், ஆறும். ஆனா செத்து சில மணி நேரத்துல தசை விறைக்கும் பாருங்க, அந்த விறைப்பு முடியறதுக்கு முன்னாடி கறிய 10 டிகிரிக்குக் கீழ வேகமா இறக்கினா தசை நார் சுருங்கி இறுகிடும், அப்புறம் எவ்வளவு வேக வச்சாலும் மெல்ல முடியாது. நியூசிலாந்துல ஆட்டுக்கறிய ஃப்ரீஸ் பண்ணி லண்டனுக்கு அனுப்பினவங்க பட்ட பாடு இது, 1960கள்ல அங்க இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் தான் காரணத்தப் பிடிச்சாங்க. கறி எலும்போட இருந்தா எலும்பு அத இழுத்துப் பிடிச்சு சுருங்க விடாது. அதனால ராத்திரி குளிருற அக்டோபர்ல எலும்போட தொங்க விட்டு காலைல எலும்பு எடுக்கிறோம், ராத்திரியும் 10 டிகிரிக்கு இறங்காத செப்டம்பர் வெயில் நாள்னா அன்னைக்கே எலும்பு எடுத்துடணும், கறி கொஞ்சம் கடினமா போனாலும் பரவாயில்ல, கெட்டுப்போறத விட அது எவ்வளவோ மேல்.

எலும்பு எடுக்கிறதுக்கு சட்டமும் ஒரு காரணம். சி.டபிள்யூ.டி.ன்னு மான்களுக்கு வர்ற மூளை நோய் ஒண்ணு, 1967ல கொலராடோவுல ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில தான் முதல்ல கண்ணுல பட்டுது, இன்னைக்கு 30க்கு மேல மாநிலங்கள்ல இருக்கு. பிரியான்னு ஒரு வகைப் புரதத்தால வர்றது, சமைச்சாலும் சாகாது. மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் நிரூபணம் இல்ல, ஆனா நோய் இருக்கிற பகுதில அடிச்சத டெஸ்ட் பண்ணிட்டு சாப்பிடுங்கன்னு தான் சுகாதாரத்துறை சொல்லுது. இது பரவாம இருக்க மூளை, தண்டுவடம் ஒட்டின எதையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டு வரக்கூடாதுன்னு டெக்சஸ் உட்பட நிறைய மாநிலங்கள்ல விதி இருக்கு. அதே நேரம் கொலராடோவுல அது ஆணா பெண்ணான்னு காட்டுற உறுப்பு ஏதாவது ஒரு கறித்துண்டோட ஒட்டி இருக்கணும், லைசன்ஸ் டேக் கூடவே இருக்கணும். கறிய வெட்டும்போது இத மறந்துட்டு சுத்தமா வெட்டிட்டா வழியில அதிகாரி நிறுத்தினா பதில் சொல்ல முடியாது, அதனால கத்திய எடுக்கிறதுக்கு முன்னாடியே அந்த வருஷத்து விதிய ஒரு தடவ படிச்சுடுங்க.

இனி பெட்டிக்குள்ள அடுக்கிறது. ரெண்டு நாள் முன்னாடியே பெட்டிய திறந்து அதுக்குள்ள ஒரு பை ஐஸ் போட்டு வச்சுடணும், டெக்சஸ் கராஜ்ல 35 டிகிரில கிடந்த பெட்டியோட சுவருக்குள்ள இருக்கிற சூடே நல்ல ஐஸ்ல கொஞ்சத்த தின்னுடும். பொடி ஐஸ விட பெரிய கட்டி தான் நிக்கும், வெளிப்பரப்பு கம்மி. இதுல ஒரு பழைய கதை இருக்கு, நம்ம மெரினா பக்கம் ஐஸ் ஹவுஸ்னு சொல்றோமே, இப்ப விவேகானந்தர் இல்லமா இருக்கிற அந்த வட்டக் கட்டடம், 1842ல ஃபிரெடெரிக் டியூடர்ங்கிற அமெரிக்க வியாபாரி கட்டினது. பாஸ்டன் பக்கம் குளிர்காலத்துல உறைஞ்ச ஏரிகள்ல இருந்து ஐஸ கட்டி கட்டியா அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல நாலு மாசம் பயணம் பண்ணி மெட்ராஸ்ல கொண்டு வந்து இறக்கினாங்க. 1833ல கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பல்ல 180 டன் ஏத்தி 100 டன் கிட்ட போய்ச் சேந்துச்சு. ஃபோம் கிடையாது கரண்ட் கிடையாது, கட்டிய நெருக்கமா அடுக்கி இடையில காத்து போகாம மூடினாங்க, உருகின தண்ணிய வெளிய விட்டாங்க, அவ்வளவு தான் சூட்சுமம். நம்ம 16 மணி நேரத்துக்கு அது தாராளமா போதும்.

நான் ஐஸ் பை வாங்குறதே குறைவு. கெட்டியான ஜூஸ் பாட்டில்கள்ல, முக்கா பங்கு தண்ணி ஊத்தி, ஒரு வாரம் வீட்டு ஃப்ரீசர்ல வச்சு எடுத்துட்டுப் போறேன், ஒரு பெட்டிக்கு ஆறேழு பாட்டில். பால் கேன் வேண்டாம், மெல்லிசு, விரிசல் விட்டு ஒழுகும். பாட்டில்ல இருந்தா உருகின தண்ணி கறி மேல படாது, அதான் பெரிய லாபம், தாகம் எடுத்தா குடிக்கவும் செய்யலாம். மீன்னா ஐஸ்லயே புதைச்சு வைக்கிறோம், காசிமேட்டுல பாத்தவங்களுக்குத் தெரியும், ஆனா மான்கறி தண்ணில ஊறினா வெளுத்துப் போய் சுவை இறங்கிடும், ஒரு துண்டுல இருக்கிற அழுக்கு அந்தத் தண்ணி வழியா எல்லாத் துண்டுக்கும் போயிடும். அடியில ஒரு கம்பி ரேக், அதுக்கு மேல கறி, பெட்டியோட தண்ணி வெளிய விடுற மூடியத் திறந்து வச்சு அந்தப் பக்கம் லேசா சாஞ்ச மாதிரி வண்டில ஏத்திடுங்க. கறிக்கு நடுவுலயும் பக்கத்துலயும் ரெண்டு மூணு பாட்டில், ஆனா நிறைய பாட்டில் மேல தான் போகணும், குளிர்ந்த காத்து கீழ இறங்கும். 1870கள்ல சிகாகோவுல இருந்து கறிய ரயில்ல கிழக்கே அனுப்பின கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் தன்னோட ஐஸ் பெட்டி வேகன்கள்ல ஐஸ கூரைப் பக்கம் வச்சதுக்கும் இதுதான் காரணம்.

டிரை ஐஸ், அதாவது கட்டியா உறைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடு, அதப் பத்தி எல்லாரும் ஆர்வமா கேக்குறாங்க. மைனஸ் 78.5 டிகிரி, தண்ணி விடாது, ஒரு கிலோ சுமார் 570 கிலோஜூல் இழுக்கும், சாதா ஐஸ விட ஒண்ணே முக்கா மடங்கு தான், பத்து மடங்கு எல்லாம் இல்ல. 100 கிலோ கறிய அத வச்சு உறைய வைக்கணும்னா 40 கிலோவுக்கு மேல வேணும், நேரா கறி மேல வச்சா பட்ட இடம் மட்டும் கல்லா உறைஞ்சு கருகிப்போய் அடுத்த பக்கம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே உறைஞ்ச கறிய உறைஞ்சபடியே வச்சிருக்க அது அருமையான பொருள், மேல ஒரு அட்டை போட்டு அதுக்கு மேல வச்சா போதும். ஆனா இத ஒருத்தரும் லேசா எடுத்துக்காதீங்க: ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடா மாறும், ஒரு எஸ்.யூ.வி. உள்ள இருக்கிற காத்தே சுமாரா 4000 லிட்டர் தான். 2018ல வாஷிங்டன் மாநிலத்துல டிரை ஐஸ் பெட்டிகள் இருந்த கார்ல போன ஒரு அம்மா மூச்சுத்திணறி இறந்தாங்க, கூட இருந்தவங்க மயிரிழையில தப்பினாங்க. பிக்கப்ல பின்னாடி திறந்த இடத்துல வைங்க, காருக்குள்ள தான்னா ஜன்னல் திறந்திருக்கணும், உள்காத்தையே சுத்த விடுற ஏசி பட்டன் போடக்கூடாது, பெட்டியயும் இறுக்கி மூடக்கூடாது, வாயு போக வழி இல்லன்னா வெடிக்கும். ஃப்ளைட்ல போறவங்களுக்கு ஒரு ஆளுக்கு 2.5 கிலோ தான் அனுமதி, அதுவும் ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லணும்.

நேரம் இருக்கிறவங்களுக்கு எல்லாத்தையும் விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, அங்கயே ஊர்ல கறி வெட்டிக் கொடுக்கிற கடையில கொடுத்து உறைய வச்சு வாங்கிட்டு வர்றது. சீசன்ல கூட்டமா இருக்கும், நாள் கணக்குல காத்திருக்கணும், பவுண்டுக்கு இவ்வளவுன்னு காசு. ஆனா கல்லா உறைஞ்ச 100 கிலோ கறி தானே ஒரு ஐஸ் கட்டி, கறில முக்கால்வாசி தண்ணி தானே, அது முழுசா இளக 75 கிலோ ஐஸ் உருகுற அளவு சூடு வேணும். பெட்டிய நெருக்கமா நிரப்பி மூடிட்டா ஐஸே போடாம டாலஸ் வந்து சேரலாம், ஓரத்துல இருக்கிற பாக்கெட் கொஞ்சம் இளகியிருக்கும், அவ்வளவு தான். சிலர் பிக்கப்லயே ஒரு சின்ன செஸ்ட் ஃப்ரீசர ஏத்திட்டுப் போய் முகாம்ல ஜெனரேட்டர்ல ஓட விடுறாங்க, அதுவும் நல்ல யோசனை, ஏன்னா நிறைஞ்ச ஃப்ரீசர் திறக்காம இருந்தா கரண்ட் இல்லாமயே ரெண்டு நாள் தாங்கும். ஜெனரேட்டர மட்டும் மூடின டிரெய்லருக்குள்ள ஓட விடாதீங்க, அந்தப் புகை ஆளக் கொன்னுடும்.

நாங்க இப்ப மீக்கர்ல இருந்து மத்தியானம் கிளம்புறோம், முந்தின ராத்திரி தொங்கின கறி, பெட்டிக்குள்ள போறப்ப தொடை நடுவுல 5, 6 டிகிரி காட்டணும், காட்டலன்னா இன்னொரு ராத்திரி தங்கிடுவோம், லீவு போனா போகட்டும். மத்தியானம் கிளம்பினா பகல் வெயில் எல்லாம் கொலராடோ மலைலயே கழிஞ்சுடும், ரேட்டன் கணவாய் தாண்டும்போது இருட்டிடும், டல்ஹார்ட் அமரில்லோ பக்கம் ராத்திரில வந்துடுவோம். அந்த டெக்சஸ் சமவெளி அக்டோபர்லயும் பகல்ல 30 டிகிரி அடிக்கும். பிக்கப் பின்னாடி வெயில் பட்டா கறுப்பு லைனிங் எவ்வளவு கொதிக்கும்னு தொட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும், பெட்டிக்கு அடியில ஒரு பழைய பாய், மேல வெள்ளைப் போர்வை இல்லன்னா ஸ்லீப்பிங் பேக் போட்டு மூடுறோம், இது மட்டுமே நல்ல வித்தியாசம் காட்டுது. ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டணும், கறிக்காக தூக்கக் கலக்கத்துல ஓட்டாதீங்க, தூக்கம் வந்தா நிறுத்தித் தூங்குங்க, ஆறின கறி ஆறு மணி நேரம் கூடுதலாவும் தாங்கும். வழியில பெட்டியத் திறக்கவே கூடாது, உள்ள ஒரு வயர்லெஸ் தெர்மாமீட்டர் கிடக்கு, அதோட திரை முன்னாடி சீட்ல என் கண்ணு முன்னாடி இருக்கு.

போன வருஷம் காலைல அஞ்சு மணிக்கு வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினப்ப அந்தத் திரைல 2 டிகிரி. பாட்டில்களத் தூக்கிக் குலுக்கினா உள்ள இன்னும் கட்டி உருளுற சத்தம் கேட்டுது. கறிய அப்படியே கராஜ் ஃப்ரிட்ஜ்ல கம்பித் தட்டு மேல பரப்பி வச்சோம், நாலஞ்சு நாள் அங்க இருந்து பதமானதுக்கு அப்புறம் தான் வெட்டி பாக்கெட் போட்டு ஃப்ரீசர். பின்னந்தொடைய வெட்டுறப்ப அந்த இடுப்பு மூட்டுக்கிட்ட மூக்க வச்சுப் பாத்தேன், இப்பவும் ஒவ்வொரு வருஷமும் முதல்ல அத தான் பாக்கிறேன், சுத்தமான இரும்பு வாசனை மட்டும் தான் இருந்துச்சு.